லைனுக்குக் கணக்கு போட்ட எர்லாங்

டேட்டாபேஸ் லைசென்ஸ் 25 கனெக்ஷனுக்குத்தான் என்றால், 26-ஆவது ஆள் வெளியே நிக்கணும். எத்தனை வாங்கினால் போதும்? இதற்குக் கணக்கு போட்ட அக்னர் கிராருப் எர்லாங், கம்ப்யூட்டரையே பார்க்காதவர்!

1878-இல் டென்மார்க்கில் ஒரு கிராமத்து வாத்தியாரின் மகனாகப் பிறந்தார். 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே லைன் அதிகமானால் காசு வீண். குறைந்தால் பேச வந்தவருக்கு லைன் இல்லை. மணிக்கு 300 அழைப்பு, ஒவ்வொன்றும் 4 நிமிஷம் என்றால் சராசரியாக 20 லைன் பிஸி. 20 மட்டும் போட்டால் மாட்டிக்கிட்டோம்! சில நேரம் எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி சேர்ந்து வருவாங்க. விருந்துக்கு உலை வைக்கும்போது எங்க அம்மா கண்ணளவில் அரிசி கூட்டிப் போடுவாங்க. எர்லாங் அந்த உபரிக்கு 1917-இல் சூத்திரமே எழுதிட்டார். கனெக்ஷன் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

1929-இல், 51 வயதில் இறந்தார். 1946-இல் டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.