எல்லையும் இணக்கமும்: லுக்துனும் ஆயர் இரேனியுஸின் வாழ்வும் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால் நாட்டு லுக்துனும் நகரத் திருச்சபையை வழிநடத்தியவர் இரேனியுஸ். ஞானக்கொள்கையினரின் போதனையை மறுத்து ஐந்து நூல்கள் யாத்த இவரே, பாஸ்கா விழாவின் நாள் குறித்து எழுந்த பூசலில் பிளவு நேராதவாறு சந்து செய்தவரும் ஆவார். ஒருபுறம் கடுமை, மறுபுறம் பொறுமை என முரண்பட்டவைபோல் தோன்றும் இவ்விரு செயல்களும் ஒரே நெறியிலிருந்து பிறந்தவை என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இரேனியுஸ், லுக்துனும், ஞானக்கொள்கை, வலந்தீனுஸ், பாஸ்கா பூசல், விக்டர், பொலிக்கார்ப்

முன்னுரை

ஒரு சமயம் தோன்றிய முதல் இரு நூற்றாண்டுகளில் அதற்கு வரையறுத்த நூற்றொகுதியோ, பொதுச்சங்கங்களின் முடிவுகளோ, அரசின் ஆதரவோ இல்லாதிருக்கலாம். தொடக்கக் காலக் கிறித்தவமும் அந்நிலையிலேயே இருந்தது. எது போதனை, எது திரிபு என்பதைத் தீர்ப்பதற்கு ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் நினைவையும் தன் மூப்பர்களையுமே நம்ப வேண்டியிருந்தது. இத்தகைய காலத்தில் இருவகை இடர்கள் நேரும். எதையும் ஏற்கும் சபை தன் அடையாளத்தை இழக்கும். எதையும் விலக்கும் சபை தன் உறுப்புகளை இழக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் வழி கண்டவர்களுள் முதன்மையானவர் இரேனியுஸ்.

சிமிர்னாவில் இளமை

இரேனியுஸ் ஏறத்தாழ கி.பி. 130ஆம் ஆண்டளவில், ஆசியா மைனரில், பெரும்பாலும் இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்கும் சிமிர்னாவில் பிறந்தவர். அந்நகரின் ஆயராக விளங்கிய பொலிக்கார்ப் முதியவராக இருந்த காலத்தில் இரேனியுஸ் இளைஞர். பொலிக்கார்ப் திருத்தூதர் யோவானைக் கண்டு பழகியவர் என்பது இரேனியுஸின் சான்று. முதுமையில் தம் இளமைத் தோழர் புளோரினுசுக்கு எழுதிய திருமுகத்தில், அம்முதியவர் அமர்ந்து பேசிய இடத்தையும், அவரது நடையையும் தோற்றத்தையும், ஆண்டவரை நேரில் கண்டோரைப் பற்றி அவர் கூறியவற்றையும் அண்மையில் நிகழ்ந்தவற்றினும் தெளிவாகத் தாம் நினைவுகூர்வதாக இரேனியுஸ் குறித்துள்ளார். கேட்டவற்றைத் தாளில் எழுதாமல் நெஞ்சில் எழுதிக்கொண்டவர் அவர். பின்னாளில் மரபு என்னும் சொல்லுக்கு அவர் தந்த அழுத்தம் இவ்வனுபவத்தில் வேர்கொண்டது. அவருக்கு மரபு என்பது வெறும் கருத்தன்று. இன்னார் இன்னாரிடம் கேட்டார் எனப் பெயர் சுட்டிக் கூறத்தக்க ஒரு தொடர்ச்சி.

பொலிக்கார்ப்பின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஏறத்தாழ கி.பி. 155இல் பொலிக்கார்ப் உரோமை சென்று அங்கு ஆயராக இருந்த அனிசேத்துசைச் சந்தித்தார். பாஸ்கா நாளைப் பற்றி இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. தத்தம் முன்னோர் வழக்கை விட இருவரும் மறுத்தனர். ஆயினும் அனிசேத்துஸ் தம் சபையில் நற்கருணைப் பலியை நிறைவேற்றும் சிறப்பைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார். இருவரும் சமாதானத்தோடு பிரிந்தனர். இந்நிகழ்ச்சி மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் பெரும் பயன் தந்தது.

லுக்துனுமில் துன்பக்காலம்

பின்னர் இரேனியுஸ் மேற்கே சென்று, ரோன், சோன் என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்த லுக்துனும் நகரில் மூப்பராகப் பணியாற்றினார். இன்றைய லியோன் நகரே அது. கி.மு. 43இல் உரோமைக் குடியேற்றமாக நிறுவப்பட்ட அந்நகர் வணிகத்தாலும் ஆட்சியாலும் கால் நாட்டின் தலைமை பெற்றிருந்தது. அங்கிருந்த கிறித்தவர்களுள் பலர் ஆசியாவிலிருந்து வந்த கிரேக்கமொழியினர்.

கி.பி. 177இல், மார்க்கஸ் அவுரேலியஸ் ஆட்சியில், அச்சபை கொடுந்துன்பத்திற்கு உள்ளாயிற்று. தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் சிறையில் உயிர் துறந்தார். அடிமைப் பெண்ணாகிய பிளந்தினா அரங்கில் வதைக்கப்பட்டு மாண்டாள். இறந்தோரின் உடல்கள் எரிக்கப்பட்டுச் சாம்பல் ரோன் ஆற்றில் கொட்டப்பட்டது.

இந்நெருக்கடியின் நடுவில், சிறையிலிருந்தோர் உரோமை ஆயர் எலுத்தேரியுசுக்கு ஒரு திருமுகம் விடுத்தனர். பிரிகியா நாட்டில் மொந்தானுஸ் என்பவர் தொடங்கிய இறைவாக்கு இயக்கத்தால் சபைகளில் பூசல் எழுந்திருந்தது. அது பற்றிச் சபைகளின் அமைதி கருதி எழுதப்பட்ட அத்திருமுகத்தை உரோமைக்கு ஏந்திச் செல்லும் பணி இரேனியுசிடம் ஒப்படைக்கப்பட்டது. மரணத்தின் வாயிலில் நின்றோர் பிறநாட்டுச் சபைகளின் ஒற்றுமைக்காகக் கவலைகொண்டதை அவர் நேரில் கண்டார். பொத்தினுசுக்குப் பின் ஆயர் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

ஞானக்கொள்கையினரும் மந்தையின் காயமும்

ஆயரான இரேனியுஸ் எதிர்கொண்ட தலையாய சிக்கல் அரசிடமிருந்து வரவில்லை, சபைக்குள்ளிருந்தே எழுந்தது. வலந்தீனுஸ் என்னும் ஆசிரியரின் மாணவர் பரம்பரை, குறிப்பாகத் தொலமேயுஸின் பிரிவினர், மறைவான அறிவொன்றைத் தாம் பெற்றிருப்பதாகக் கூறினர். அவர்தம் கொள்கைப்படி இறைநிறைவில் முப்பது ஏயோன்கள் உள்ளன. அவற்றுள் இறுதியானதாகிய சோபியாவின் வீழ்ச்சியால் குறைபாடு தோன்றியது. இவ்வுலகைப் படைத்தவன் மேலான இறைவன் அல்லன், அறியாமையில் உழலும் ஒரு கீழ்நிலைச் சிற்பி. மனிதரும் ஆவிக்குரியோர், ஆன்மாவிற்குரியோர், மண்ணுக்குரியோர் என மூவகையினர். முதல்வகையினர் இயல்பாகவே மீட்படைவர். மூன்றாம் வகையினர்க்கு மீட்பே இல்லை.

இக்கொள்கையைப் போதித்தோர் வெளியாட்கள் அல்லர். அவர்கள் சபைக் கூட்டங்களுக்கு வந்தனர். அதே மறைநூல்களை ஓதினர். அதே சொற்களைப் பயன்படுத்தினர். பொருளை மட்டுமே மாற்றினர். எனவே எளியோரால் வேறுபாட்டை உணர இயலவில்லை.

இதன் விளைவு வெறும் கருத்து மோதலாக நின்றுவிடவில்லை. மார்க்குஸ் என்பவன் கிண்ணத்தின் நிறத்தை மாற்றியும், சிறு கிண்ணத்திலிருந்து பெரிய கிண்ணத்தை நிரப்பி வழியச் செய்தும் வித்தை காட்டினான். செல்வமுள்ள பெண்களை இறைவாக்குரைக்கச் செய்வதாகக் கூறி ஏமாற்றினான். ஆசியாவில் ஒரு திருத்தொண்டர் அவனைத் தம் இல்லத்தில் ஏற்க, அவருடைய மனைவியே அவன் வலையில் வீழ்ந்தாள். உடன்பிறப்புகள் பெருமுயற்சியால் அவளை மீட்டனர். அவள் தன் எஞ்சிய நாளைக் கண்ணீரோடு கழித்தாள். ரோன் ஆற்றுப் பகுதியிலும் அவனுடைய மாணவரால் பல பெண்கள் வஞ்சிக்கப்பட்டனர். சிலர் வெளிப்படையாகத் தம் தவற்றை அறிக்கையிட்டுத் திரும்பினர். சிலர் நாணத்தால் வாய்திறவாது ஒதுங்கினர். சிலர் நம்பிக்கையை முற்றும் துறந்தனர். வேறு சிலர் உள்ளேயும் இன்றி வெளியேயும் இன்றித் தவித்தனர். இவற்றைப் பதிவு செய்யும் இரேனியுஸ் பிழை செய்தோரை இழித்துரைக்கவில்லை. அவரது சினம் முழுவதும் வஞ்சித்தோர்மீதே பாய்கிறது.

மறுப்பு நூலின் நெறி

இக்கொள்கைகளை அறிய விரும்பிய நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க, ஏறத்தாழ கி.பி. 180ஐ ஒட்டி, ஐந்து நூல்களைக் கொண்ட பெரும்படைப்பை இரேனியுஸ் கிரேக்கத்தில் எழுதினார். கெல்த்தியரிடையே வாழ்ந்து அவர்தம் மொழியிலேயே பெரிதும் புழங்கும் தம்மிடம் சொல்லணி எதிர்பார்க்க வேண்டா என்று அதன் தொடக்கத்தில் அவையடக்கம் கூறுகிறார். அந்நூல் முழுமையாக இலத்தீன் மொழிபெயர்ப்பிலேயே கிடைத்துள்ளது. நான்காம், ஐந்தாம் நூல்களுக்கு ஆர்மீனிய மொழிபெயர்ப்பும் உண்டு.

நூலின் அமைப்பு கருதத்தக்கது. முதல் நூல் முழுவதும் மாற்றார் கொள்கையை விரித்துரைக்கிறது. மறுப்பு அதன் பின்னரே முறையாகத் தொடங்குகிறது. பரபக்கம் கூறிப் பின் சுபக்கம் நிறுவும் இம்முறைக்கு அவர் உரைக்கும் காரணம் ஒன்று உண்டு. மறைவில் வாழும் கொள்கையை வெளிச்சத்திற்குக் கொணர்வதே அதனைப் பாதி வென்றதாகும். எனவே மாற்றாருடைய நூல்களைப் படித்தும், அவர்களுள் சிலரோடு உரையாடியும் செய்தி திரட்டினார். 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கொப்திய மொழிச் சுவடிகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றான யோவானின் மறைநூல், இரேனியுஸ் முதல் நூலில் சுருக்கித் தந்த ஒரு கொள்கையோடு நெருங்கி ஒத்திருந்தது. அவர் கேலியும் செய்தவர்தாம். ஏயோன்களின் பெயர்ப்பட்டியலைப் பகடி செய்து சுரைக்காய், வெள்ளரி முதலியவற்றை வைத்து ஒரு பட்டியலைப் புனைந்தவர். மாற்றார் அனைவரையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவராகக் காட்டும் அவரது வரைவை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. எனினும் அவர் தந்த செய்திகள் வெறும் கற்பனையல்ல என்பதற்கு அச்சுவடி சான்றாகும்.

மறைநூலைத் திரித்தல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இரு உவமைகளால் விளக்குகிறார். கைதேர்ந்த கலைஞன் வண்ணக் கற்களால் அரசன் உருவம் அமைக்கிறான். மற்றொருவன் அக்கற்களையே பெயர்த்து நரியின் உருவம் அமைத்து, இதுவே அரசன் என்கிறான். கற்கள் உண்மையானவை, உருவம் பொய். அவ்வாறே ஓமரின் அடிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக் கோத்தால் ஓமர் பாடாத கதையொன்று தோன்றும். முழு நூலையும் அறிந்தவன் ஒவ்வோர் அடியையும் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்து ஏமாறாதிருப்பான். ஆகவே பொருள் கோடற்கு முழுமையின் அறிவு வேண்டும். அம்முழுமையைத் திருமுழுக்கின்போது ஒவ்வொருவரும் பெறும் உண்மையின் நெறியில் அவர் காண்கிறார்.

மறைவான மரபு என்னும் வாதத்திற்கு அவர் வெளிப்படையான மரபை எதிர்நிறுத்தினார். திருத்தூதர் தனிப்பட்ட அறிவு எதையேனும் ஒப்படைத்திருப்பின், தாம் நிறுவிய சபைகளின் பொறுப்பாளரிடமே ஒப்படைத்திருப்பர் என வாதிட்டு, உரோமைச் சபையின் ஆயர் வரிசையை லீனுஸ் முதல் எலுத்தேரியுஸ் வரை பெயர் சுட்டிக் காட்டினார். பழைய ஏற்பாட்டை ஒதுக்கி லூக்கா நற்செய்தியை மட்டும் குறைத்து ஏற்ற மார்க்கியோனுக்கு எதிராக நான்கு நற்செய்திகளையும் ஒருசேர ஏற்க வலியுறுத்தினார். மூவகை மனிதர் என்னும் பாகுபாட்டை மறுத்து, ஆதாமில் தொடங்கிய மனிதகுல வரலாறு முழுவதையும் கிறித்து தம்மில் மீளத் தொகுத்து முழுமையாக்கினார் எனப் போதித்தார். இதன்படி பிறப்பிலேயே மீட்புக்குத் தகுதியற்ற மனிதர் எவரும் இலர்.

பாஸ்கா பூசலில் சந்து செய்தல்

ஏறத்தாழ கி.பி. 190இல் வேறொரு புயல் எழுந்தது. ஆசியச் சபைகள் யூத நிசான் மாதத்தின் பதினான்காம் நாளில், அது வாரத்தின் எந்நாளாயினும், பாஸ்காவைக் கொண்டாடின. உரோமையும் பிற சபைகளும் ஞாயிற்றுக்கிழமையிலேயே கொண்டாடின. எபேசு ஆயர் பொலிக்கிராத்தேஸ் தம் நாட்டு முன்னோர் வழக்கை விட மறுத்து எழுதவே, உரோமை ஆயர் விக்டர் ஆசியச் சபைகள் அனைத்தையும் ஐக்கியத்திலிருந்து விலக்க முற்பட்டார்.

இரேனியுசின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் ஞாயிற்றுக்கிழமை வழக்கையே சரியென ஏற்றவர். அதாவது, பூசலின் பொருளில் அவர் விக்டரின் பக்கம். ஆயினும் விலக்குவதை எதிர்த்து, கால் நாட்டுச் சகோதரர் சார்பில் விக்டருக்கு எழுதினார். வேறுபாடு நாளில் மட்டுமன்று, நோன்பின் அளவிலும் உண்டு. சிலர் ஒரு நாளும், சிலர் இரு நாளும், சிலர் நாற்பது மணி நேரமும் நோற்கின்றனர். இவ்வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று. நோன்பின் வேற்றுமையே நம்பிக்கையின் ஒருமையை உறுதிசெய்கிறது என்பது அவர் வாதம். பின்னர் அனிசேத்துசும் பொலிக்கார்ப்பும் உடன்பாடின்றியே ஒன்றாக வழிபட்டதை நினைவூட்டினார். விக்டரின் முன்னோடியையே விக்டருக்குச் சான்றாக நிறுத்தியது அவரது நுண்மை. பிற ஆயர்களுக்கும் இவ்வாறே எழுதினார். ஆசியச் சபைகள் தம் வழக்கைத் தொடர்ந்தன. பாஸ்கா நாள் குறித்த பொதுமுடிவு கி.பி. 325இல் நிசேயாச் சங்கத்திலேயே எட்டப்பட்டது. அமைதி என்னும் பொருள்தரும் கிரேக்கப் பெயரைத் தாங்கியவர் பெயருக்கேற்ப நடந்தார் என வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவு செய்துள்ளார்.

ஒரே நெறி, இரு முகங்கள்

இளமைத் தோழர் புளோரினுஸ் வலந்தீனுஸின் கொள்கையைத் தழுவியபோது, இதனைப் பொலிக்கார்ப் கேட்டிருப்பின் காதைப் பொத்திக்கொண்டு அகன்றிருப்பார் எனும் கருத்தில் இரேனியுஸ் அவருக்கு எழுதினார். சிரியாக் மொழியில் எஞ்சியுள்ள துணுக்கொன்றின்படி, புளோரினுஸின் நூல்களை அகற்றுமாறு விக்டரையே அவர் வேண்டினார். ஆக, விக்டரிடம் ஒரு செய்தியில் உறுதியையும் மற்றொன்றில் பொறுமையையும் அவர் வேண்டியிருக்கிறார். இரண்டிலும் அவர் சான்றாகக் கொண்டவர் பொலிக்கார்ப்பே.

இவ்விரு வேண்டுகோள்களையும் இணைப்பது எது? படைத்தவன் யார், மனிதர் அனைவர்க்கும் மீட்பு உண்டா என்பன நம்பிக்கையின் அடித்தளம். அதனை மாற்றுவோர் எளியோரைக் காயப்படுத்துகின்றனர். நாளும் நோன்பும் அந்நம்பிக்கையை வெளிப்படுத்தும் வழக்குகள்; அவற்றின் பொருட்டுச் சபைகளை வெட்டுவோரும் எளியோரையே காயப்படுத்துகின்றனர். இரு சூழலிலும் அவர் காக்க முனைந்தது ஒன்றே: எவரும் இரண்டாந்தரத்தினராக ஒதுக்கப்படாத ஒரே சபை.

முடிவுரை

இரேனியுஸ் ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டி மறைந்தார். அவர் மறைச்சாட்சியாக இறந்தார் என்னும் செய்தி பிற்காலத்ததே. லியோனில் அவர் கல்லறை 1562ஆம் ஆண்டுச் சமயப்போரின்போது அழிக்கப்பட்டது. திருத்தூதர் போதனையை விளக்கும் அவரது சிறுநூல் நெடுங்காலம் மறைந்திருந்து, 1904இல் எரெவானில் ஆர்மீனியச் சுவடியாகக் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை பிரான்சிசு அவரை ஒற்றுமையின் மறைவல்லுநர் என்னும் பட்டத்துடன் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

பொய்ப்போதனையை மறுத்தவர் என்ற அளவிலேயே இரேனியுசை மதிப்பிடுவது அவரது வாழ்வின் பாதியை விட்டுவிடுவதாகும். சமாதானம் செய்தவர் என்ற அளவில் மட்டும் நோக்குவதும் அவ்வாறே. எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பதில் தெளிவு பெற்றிருந்தமையாலேயே எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் அவரால் பெருந்தன்மை காட்ட முடிந்தது.