சாமிநாதையரவர்களும் மணிபல்லவமும்

நயினாதீவுப் பாடசாலைகளில் மணிமேகலைக் கதை கற்பிக்கும் சைவ உபாத்தியாயர்களை, மணிபல்லவம் நம் தீவுதானா என மாணாக்கர் வினவுதல் இயல்பே. விடை கூறப் புகுமுன், அந்நூலை ஆராய்ந்து பதிப்பித்த மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சரிதத்தைச் சிறிது நோக்குதல் நலமென எண்ணுகின்றோம்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு சூரியமூலையிற் பிறந்தார்கள். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், அப்பெரியார் 1876இற் சிவபதமடையுங்காறும் பாடங்கேட்டார்கள். புராணங்களிலும் அந்தாதிகளிலும் திளைத்த அவர்களை, இவற்றுக்கு முந்திய நூல்களைப் பயின்றதுண்டோ என 1880இல் வினவியவர் கும்பகோணத்து முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் தூண்டுதலாற் கையேற்ற நூல் சீவகசிந்தாமணி. சமணக் கருத்துக்கள் விளங்காதவிடத்து ஐயரவர்கள் ஊகித்தெழுதினாரல்லர். அவ்வூர்ச் சமணர் இல்லந் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார்கள். நூல் 1887இல் வெளிவந்தது. சைவ ஆதீனத்திற் பயின்றவர் பரசமய நூலைப் பரப்புதல் தகுமோ என முனிந்தாரும் உளர். அரசனைச் சிந்தாமணியினின்று மீட்கவே பெரியபுராணம் எழுந்ததென்னும் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அம்முனிவு வியப்பன்று.

மணிமேகலையில் இடர் இன்னும் பெரிது. அஃது எச்சமய நூலென்பதே முதலில் விளங்கவில்லை. கேட்டறிதற்கு அயலிற் பௌத்தரும் இலர். பௌத்த நூலென்று கண்டுரைத்தவர் மளூர் இரங்காசாரியார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயரவர்கள் பன்னாள் உடனிருந்து கேட்டார்கள். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்ததோடு புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்பவற்றையும் எழுதினார்கள். 1942இல் இறைவனடி சேருங்காறும் அவர்கள் நெற்றியில் நீறு குன்றவில்லை.

இனி மணிபல்லவம். புகாருக்குத் தெற்கே முப்பது யோசனையில் ஒரு தீவு, புத்த பீடிகை, கோமுகிப் பொய்கை, பீடிகைக்காகப் பொருத இரு நாகவரசர்: நூல் கூறுவன இவை. மகாவம்சமும் நாகதீபத்தில் இரு நாகவரசர் மணியாசனத்திற்குப் பொருததைக் கூறுதலின், இரண்டும் ஓரிடமென்பர் பலர். நயினாதீவே அதுவென்பார்க்கு நாகபூஷணியம்மன் திருப்பெயர் ஒரு துணை. அக்கோயிலிற் கிடைத்த பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனமோ, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காத்தலையும், யானை குதிரை கொணரும் மரக்கலம் உடையின் நாலிலொன்றும், வாணிபச் சரக்காயிற் பாதியும் பண்டாரங் கொள்ளுதலையும் சொல்லுகிறது, மணிபல்லவத்தைச் சொல்லவில்லை. அம்பாளை வழிபடுவார்க்கு இதனாற் குறைவொன்றுமில்லை.

மாணாக்கன் வினவின், நூலிலுள்ளது இது, கல்லிலுள்ளது இது, ஊரார் வழிவழி நம்புவது இது என மூன்றையும் வேறுவேறாகவே கூறுவோம்.