மகளுக்கு மறுமணம் செய்து வைத்த ஆசிரியர்

சென்னை தங்கசாலை தெருவில் தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள், வருகிறார்கள். கடையும் கூட்டமுமாக கால் வைக்க இடம் இருக்காது. அந்த தெருவில் இருந்த ஒரு அச்சுக்கூடத்தில்தான் "இந்து" பத்திரிகை பிறந்தது. 1878-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி.

ஆரம்பித்தவர்கள் 6 வாலிபர்கள். அதில் முக்கியமானவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். தஞ்சை ஜில்லா திருவையாற்றுக்காரர். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். சென்னைக்கு வந்து வாத்தியார் வேலை பார்த்தார். பத்திரிகை தொடங்கியபோது அவருக்கு வயது 23.

ஒன்றே முக்கால் ரூபாய்

அந்த ஆண்டு முத்துசாமி ஐயரை சென்னை ஐகோர்ட்டு ஜட்ஜாக நியமித்தார்கள். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக்காரர் பத்திரிகைகளுக்கு பொறுக்கவில்லை. தாக்கி எழுதின. திருப்பி கேட்க நம்மவர்களிடம் பத்திரிகை இல்லை.

6 பேரும் கூடி பேசினார்கள். கையில் காசு கிடையாது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். விலை 4 அணா. வாரம் ஒரு முறை வந்த அந்த தாள், 1889-ல் தினசரி ஆயிற்று.

இங்கிலீஷ் படித்தவர்களோடு விஷயம் நின்றுவிடக்கூடாது என்று 1882-லேயே "சுதேசமித்திரன்" என்ற தமிழ் பத்திரிகையையும் தொடங்கினார். அரசியல் சங்கதிகளுக்கு தமிழில் வார்த்தை தேடவேண்டி இருந்த காலம் அது. 1885-ல் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு நடந்தது. முதல் தீர்மானத்தை கொண்டு வந்தவரும் அவர்தான்.

மகள் கதி

இதெல்லாம் வெளியே கிடைத்த பேர். வீட்டுக்குள் வேறு கதை.

அவருடைய மூத்த மகளுக்கு அந்தக்கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்தது. சிறுமியாக இருக்கும்போதே புருஷன் இறந்துவிட்டான். இனி அவளுக்கு பூ கிடையாது, பொட்டு கிடையாது. காலம் பூராவும் மூலையில் உட்கார வேண்டியதுதான்.

விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதி வந்தவர் ஐயர். ஊருக்கு எழுதுவது சுலபம். சொந்த வீட்டில் செய்வது? அவர் செய்தார். 1889 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு. அங்கே வைத்து மகளுக்கு மறுபடியும் தாலி கட்ட வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? வைதீகர்கள் கொதித்தார்கள். சாதியை விட்டு தள்ளி வைத்தார்கள். உறவுக்காரர்கள் வாசல்படி மிதிக்கவில்லை. நேற்று வரை பத்திரிகையை புகழ்ந்தவர்களே முகத்தை திருப்பிக்கொண்டார்கள். ஐயர் அசையவில்லை. இன்னும் காரமாக எழுதினார்.

சந்தா கட்டி படித்தவர்களில் பழமைவாதிகள் ஏராளம். கூட்டாளி வீரராகவாச்சாரியாருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1898-ல் "இந்து"வை விட்டு வெளியேறினார். தான் பெற்று வளர்த்த பத்திரிகை! அடுத்த ஆண்டே "சுதேசமித்திர"னை தினசரி ஆக்கினார்.

பாரதி வந்தார்

1904-ல் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த இளைஞரை தன் பத்திரிகைக்கு அழைத்து வந்தார். அந்த இளைஞர்தான் சுப்பிரமணிய பாரதி. பாரதிக்கு பத்திரிகை தொழில் பழகிய இடம் "சுதேசமித்திரன்" ஆபீஸ்தான்.

1908 ஆகஸ்டில் போலீசார் ஐயரையே பிடித்தார்கள். ராஜத்துரோக கேஸ். ஏற்கனவே உடம்பில் தீராத தோல் வியாதி. மேலெல்லாம் புண். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதற்கும் ஏச்சு விழுந்தது. அந்த உடம்போடு ஜெயிலில் கிடந்திருந்தால் தெரியும்.

1915-ல் காந்தி சென்னைக்கு வந்தார். ஐயர் பார்க்கப் போனார். அந்த நோயாளி பக்கத்தில் போக பலரும் கூசிய நேரம் அது. காந்தி தன் அங்கவஸ்திரத்தாலேயே அவர் புண்ணில் வடிந்ததை துடைத்தார்.

அடுத்த ஆண்டு, 1916 ஏப்ரல் 18-ந் தேதி, ஐயர் இறந்தார். வயது 61.