ஏர்பிடித்து உரிமை காத்தவர்

பசிபிக் மாக்கடலின் தென்பாலில் அமைந்த நியூசிலாந்து நாட்டின் தொல்குடியினர் மாவோரியர் ஆவர். 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள், வைத்தாங்கி என்னும் இடத்தில் அவர்தம் தலைவர் பலரும் ஆங்கில அரசின் பேராளரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தாமே விரும்பி விற்றாலன்றி, மாவோரியரின் நிலமும் காடும் மீன்வளமும் அவர்களுக்கே உரியன என்று அவ்வுடன்படிக்கை உறுதி கூறிற்று. அவ்வுறுதி பொய்த்தபொழுது, படைக்கலம் ஏந்தாது நின்று உரிமை காக்க முயன்ற சான்றோர் தெ விட்டி ஆவார்.

இவர் ஏறத்தாழ 1830இல் தாரனாக்கிப் பகுதியில் பிறந்தார். இளமையில் விவிலியத்தை நன்கு கற்றுத் தேர்ந்தார். 1860இல் அப்பகுதியில் நிலங்குறித்துப் போர் மூண்டது. 1865இல் அரசு, எதிர்த்தோரை ஒறுக்கும் பொருட்டு, பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பறிமுதல் செய்தது. போரிற் கலவாதாருடைய நிலமும் அதனுள் அடங்கிற்று.

நிலமிழந்து அலைந்த மக்களுக்குப் புகலிடமாகப் பாரிஹாக்கா என்னும் ஊரைத் தெ விட்டியும் அவர்தம் உறவினராகிய தோகுவும் அமைத்தனர். பகைவரையும் படைகொண்டு தாக்கலாகாது என்பது அவ்வூரார் போற்றிய நெறியாகும்.

1879இல் அரசு அந்நிலங்களை அளந்து குடியேறிகளுக்கு விற்க முற்பட்டது. தெ விட்டி தம் மக்களை ஏருடன் அனுப்பினார். அவர்கள் குடியேறிகள் கைக்கொண்ட வயல்களில் இறங்கி உழுதனர். அவ்வுழவே நிலம் தமது என்பதற்கு அவர்கள் காட்டிய சான்று. உழுதவரைக் காவலர் பிடித்துச் செல்ல, வேறு சிலர் வந்து ஏர்பிடித்தனர். சிறைப்பட்டோர் பலர் விசாரணையின்றியே தென்தீவில் அடைக்கப்பட்டனர்.

1881ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஏறத்தாழ 1,600 படைவீரர் பாரிஹாக்காவைச் சூழ்ந்தனர். அவர்களைச் சிறுவர் சிறுமியர் பாடி எதிர்கொண்டனர்; பெண்டிர் உணவு படைத்தனர்; ஏனையோர் மன்றத்தில் அமைதியாக வீற்றிருந்தனர். ஒருவரும் கையோங்கிலர். ஆயினும் தலைவர் இருவரும் சிறைசெய்யப்பட்டனர், மக்கள் துரத்தப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே 1883 வரை காவலில் வைக்கப்பட்ட தெ விட்டி, மீண்டு வந்து ஊரைப் புதுக்கினார். 1907ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் காத்த வழக்கு அவரோடு மறையவில்லை. உடன்படிக்கை மீறல்களை ஆராய 1975இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் நிறுவப்பெற்றது. 1985இல் இயற்றிய திருத்தச் சட்டம், 1840 முதல் நிகழ்ந்த தீங்குகளையும் அது ஆராய வழிசெய்தது. 2017இல் அரசின் பேராளர் பாரிஹாக்காவுக்கே சென்று, முன்னோர் இழைத்த தீங்கிற்கு மன்னிப்பு வேண்டினார். வலியோர் மறந்த வாக்கினை எளியோர் மறவாது பேணினர். அறத்தின் வழி நின்றோர் முயற்சி, காலந்தாழ்ப்பினும் வீண்போகாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.