நாகசுர வேந்தர் இராஜரத்தினம்

நாம் பிறந்த மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டுவது மனிதர் கை. உப்பை விளைவிப்பது வெயில். எனினும் பாத்தியின்றி உவர்நீர் நில்லாது. இசைக் கல்வியும் இத்தகையதே.

1898இல் திருமருகலில் தோன்றிய இராஜரத்தினம் பிள்ளை, முதற்கண் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னரே நாகசுரத்தைக் கைக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கிய அவர், மனனம் செய்த பிடிகளோடு அமையாது, தோடி இராகம் ஒன்றையே நெடும்பொழுது புதிது புதிதாய் விரித்தார். குறுகிய திமிரியினும் நீண்ட பாரி நாகசுரத்தைப் பெரிதும் ஆண்டார். அதன் தாழ்ந்த சுருதி ஆலாபனைக்கு இடந்தந்தது. 1947 ஆகஸ்டு 14இல் தில்லிச் சுதந்திர விழாவிலும் வாசித்தார். 1956இல் மறைந்தார்.

சூத்திரங்களை உருப்போடும் தமிழ் மாணவராகிய நமக்கும் அவர் வாழ்வு ஓர் எச்சரிக்கை. சூத்திரம் பாத்தியே, அதனில் நம் சொந்த வாக்கு விளையாதொழியின், கற்றதன் பயன் யாது?