நீருக்கு அஞ்சாத கடிகாரம்: ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப்

பழைய சுழியோடிக் கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்போர் ஐரோப்பாவெங்கும் உள்ளனர். முகப்பு மங்கி, உறையில் கீறல் விழுந்த ஒன்றுக்காக ஏலத்தில் பெருந்தொகை கொடுப்பர். அதனை மெருகேற்றிப் புதுப்பித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்பது இவர்களின் விசித்திர விதி. இவர்கள் பெரிதும் நாடும் பெயர்களுள் முதன்மையானது றோலெக்ஸ். அப்பெயரைத் தந்தவர் தாயகத்துக்கு வெளியே வாழ்ந்து மறைந்த ஒருவர்.

ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் 1881 இல் ஜேர்மனியின் குல்ம்பாக் நகரிற் பிறந்தார். பன்னிரண்டு வயதில் அநாதையானார். மாமன்மார் குடும்ப வணிகத்தை விற்று, அப்பணத்தில் அவரை விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினர். 1900 இல் சுவிற்சர்லாந்தில் ஒரு கடிகார ஏற்றுமதி நிறுவனத்தில் எழுதுவினைஞரானார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான சட்டைப்பைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதும் அவரது கடமையாயிற்று. இத்தொழிலை அவர் கற்றது அங்கேதான்.

1905 இல் இலண்டனில் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து சொந்த வணிகம் தொடங்கினார். கைக்கடிகாரம் பெண்களின் அணிகலன் என்று ஆண்கள் நகைத்த காலம் அது. றோலெக்ஸ் என்னும் பெயர் 1908 இல் பதிவானது. முதலாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மன் பெயர்கள் பிரித்தானியாவில் வெறுப்புக்குரியனவாயின. 1915 இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து வில்ஸ்டோர்ஃப் மறைந்தது, றோலெக்ஸ் நின்றது. இறக்குமதித் தீர்வையும் உயரவே, யுத்தம் முடிந்தபின் ஜெனீவாவுக்குப் பெயர்ந்தார்.

கடிகாரத்தினுள் நீரும் தூசியும் புகும் முக்கிய வழி, சாவி கொடுக்கும் குமிழ். அதனைத் திருகி மூடும் முறையை அவர் தாமே கண்டுபிடிக்கவில்லை. பிறர் பெற்றிருந்த காப்புரிமையை விலைக்கு வாங்கினார். 1926 இல் வெளிவந்த அக்கடிகாரத்துக்குச் சிப்பி எனப் பொருள்படும் ஒயிஸ்ரர் என்று பெயரிட்டார். மறு ஆண்டு ஒக்ரோபரில் மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்ற தட்டெழுத்தாளர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அச்சாதனையைச் சிலர் ஐயுறவே, மீண்டும் இறங்கினார். பத்து மணி நேரத்துக்குப் பின், குளிரில் விறைத்த அவரைப் படகில் ஏற்றினர். நீச்சல் நிறைவேறவில்லை; கழுத்தில் தொங்கிய ஒயிஸ்ரர் நிற்கவில்லை. வில்ஸ்டோர்ஃப் பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதையும் விளம்பரத்துக்கு வாங்கினார். நட்டமடையாதவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலக யுத்தகாலச் செயல்கள் இரண்டு நம்மைச் சிந்திக்க வைப்பவை. இத்தாலியக் கடற்படையின் சுழியோடிகளுக்காக, பனெராய் என்ற புளோரன்ஸ் நிறுவனத்துக்கு றோலெக்ஸ் கடிகாரங்களைச் செய்து கொடுத்தது. அச்சுழியோடிகள் தாக்கியவை பிரித்தானியக் கப்பல்கள். அதே றோலெக்ஸ், ஜேர்மன் முகாம்களிற் சிறைப்பட்டிருந்த பிரித்தானிய அதிகாரிகளுக்கும் கடிகாரங்களை அனுப்பியது. பணம் யுத்தம் முடிந்தபின் தந்தால் போதும் என்பது வில்ஸ்டோர்ஃபின் ஏற்பாடு. முள்வேலிக்குள் இருப்பவன் உயிரோடு மீள்வான் என்று நம்பிக் கடன் கொடுத்த வணிகர் வேறெவருமுண்டோ? இவ்விருவகைக் கடிகாரங்களும் இன்று சேகரிப்போரின் பெட்டகங்களில் அருகருகே கிடக்கக்கூடும். சிறைக்கைதி எழுதிய கடிதமும் உடனிருந்தால் விலை பன்மடங்கு.

1944 இல் மனைவி இறந்தார். பிள்ளைகள் இல்லை. மறு ஆண்டு தம் பெயரில் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். நிறுவனம் இன்றும் அதன் உடைமையே. 1953 இல் நூறு மீற்றர் ஆழம் தாங்கும் சப்மரைனர் வந்தது. 1960 ஜனவரியில் றியெஸ்ற் என்ற ஆழ்கடற்கலம் மரியானா அகழியின் அடித்தளத்தைத் தொட்டபோது, அதன் வெளிப்புறத்திற் பொருத்தியிருந்த றோலெக்ஸ் ஏறத்தாழ 10,900 மீற்றர் ஆழம் சென்று, ஓடியபடியே மேலே வந்தது. அவ்வாண்டு ஜூலை 6 இல் வில்ஸ்டோர்ஃப் ஜெனீவாவிற் காலமானார்.