வீரநாராயணபுரத்துச் சொட்டைக் குலம்



புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள திருபுவனை, சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலமாய் விளங்கிய ஊர். அங்கு வரதராஜப் பெருமாள் கோயிலில் உள்ள 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவ்வூர்க் கல்விச்சாலையில் 260 மாணாக்கர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைத் தெரிவிக்கிறது. அதனை ஸேவித்து நின்றபோது, இத்தகைய மங்கலங்களில் வாழ்ந்த குடும்பங்கள் யாவை என்னும் எண்ணம் அடியோங்களுக்கு எழுந்தது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தைப் பொறுத்தவரை நம் குருபரம்பரை அதற்கு விடை தருகிறது. முதலாம் பராந்தகனின் (907–955) விருதுப்பெயரைத் தாங்கிய அவ்வூரே இன்றைய காட்டுமன்னார்கோயில். அருகிலுள்ள வீராணம் ஏரிக்கும் அப்பெயரே.

அங்கு ஈச்வர பட்டரின் திருக்குமாரராய், ஆனி அனுஷத்தில் திருவவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். குலம் சொட்டைக் குலம். தேவிகள் வங்கிபுரத்தவரான அரவிந்தப்பாவை. திருக்குமாரருக்குப் பாட்டனார் பெயரே அமைந்து, ஈச்வரமுனிகள் என்று வழங்கிற்று. வங்கியில் வாரிசுச் சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பழகிய அடியோங்களுக்கே, தாத்தா யார், பேரன் யார் என்று முதலில் சற்றுக் குழப்பம் நேர்ந்தது.

குடும்பத்துடன் வடநாட்டு யாத்திரை சென்று யமுனைக்கரையில் தங்கியிருந்த நாதமுனிகளை, மன்னனார் கனவில் நியமித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். பின்னர் மேல்நாட்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் ஸந்நிதியில் ஆராவமுதன் விஷயமான பதிகத்தை அநுஸந்திக்கக் கேட்டதும், திருக்குருகூரில் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து நாலாயிரத்தையும் ஆழ்வாரிடம் பெற்றதும் அன்பர்கள் அறிந்ததே. ஊர் திரும்பி, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் அவற்றை இசையுடன் கற்பித்தார். அரையர் ஸேவை அவ்விருவரிடமிருந்தே தொடங்குகிறது.

இசை உறவினரிடம் சென்றது. ஆயினும் தர்சநத்தை வளர்க்கும் பொறுப்பை நாதமுனிகள் குடும்பத்துக்குப் புறம்பே வைத்தார். திருவெள்ளறையில் அவதரித்த புண்டரீகாக்ஷர் அவர் சிஷ்யர். ஒருமுறை ஆசார்யர் நியமனத்தால், அரவிந்தப்பாவையாரை அவர் வங்கிபுரத்துப் பிறந்தகத்துக்கு அழைத்துச் சென்றார். இவர் சோழியர் என்பதைக் கண்ட அவ்வகத்தார், பழைய சோற்றை இட்டார்கள். இவரோ ஆசார்ய ஸம்பந்தமுள்ள இடத்துச் சேஷமென்று உகந்து அமுது செய்தார். தேவிகள் திரும்பி வந்து இதனை விண்ணப்பிக்க, நாதமுனிகள் உள்ளம் உருகி அவரை உய்யக்கொண்டார் என்று அழைத்தார். மாமனார் அகத்தில் நேர்ந்த குறையைக் குருபரம்பரை மறைக்காதது அடியோங்களுக்கு மிகவும் உகப்பு.

ஒருநாள் வேட்டையாடித் திரும்பிய அரசன், பெண்டிருடன் நாதமுனிகள் திருமாளிகைப் பக்கம் வந்து சென்றான். உடன் ஒரு குரங்கும் இருந்தது. இதனைத் திருமாளிகையிலிருந்தோர் சொல்லக் கேட்டு, சக்கரவர்த்தித் திருமகனே எழுந்தருளினான் என்று தேடி ஓடிய நாதமுனிகள், கங்கைகொண்ட சோழபுரத்தருகே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்நகரம் அவருக்கு வெகுகாலம் பிற்பட்டு முதலாம் ராஜேந்திரன் அமைத்தது. தங்கள் காலத்து வழக்குப் பெயரால் பூர்வர்கள் அவ்விடத்தைக் குறித்தார்கள் என்று கொள்வதே தகும்.

ஈச்வரமுனிகளுக்குப் பிறக்கவிருந்த குமாரருக்கு யமுனைத்துறைவன் என்று பெயரிடும்படி அவர் முன்பே நியமித்திருந்தார். வடநாட்டில் விட்டுவந்த யமுனைக்கரை, இவ்வாறு பேரனின் திருநாமமாயிற்று. உய்யக்கொண்டாரின் சிஷ்யரான மணக்கால் நம்பி, பிற்காலத்தில் தூதுவளைக் கீரை ஸமர்ப்பித்து ஆளவந்தாரைத் திருத்திப் பணிகொண்டது ப்ரஸித்தம்.

யோக ரஹஸ்யமோ குருகைக் காவலப்பனிடம் இருந்தது. அவர் யோகத்தில் எழுந்தருளியிருக்கையில், ஆளவந்தார் சுவருக்குப் பின்னே மறைந்து நின்றார். உடனே காவலப்பன், சொட்டைக் குலத்தில் பிறந்தவர் யாரேனும் வந்திருக்கிறாரோ என்று வினவினார். தம்முடன் கலந்து பரிமாறிக்கொண்டிருந்த எம்பெருமான் அப்புறம் எட்டிப் பார்த்ததே காரணமாம். ரஹஸ்யத்தை உபதேசிக்க ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார். ஆளவந்தார் பின்னர் திருவனந்தபுரம் ஸேவித்து நிற்கையில் அவ்வோலையை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றாகவே இருந்தது.